வைஃபை ஓடுகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் நெட் இல்லை. மதர்போர்டு போய்விட்டதா?

மும்பை, தாராவி, 90 அடி சாலை (கேட்டவர்; பதில் சொல்பவர்களுக்கும் அவரவர் பகுதிதான் பெயர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக நான்கு மாதத்துக்கு முன்னால் பழைய டெஸ்க்டாப் ஒன்று வாங்கினோம். கடைக்காரர் சீட்டில் எழுதிக் கொடுத்தது இதுதான்: ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி, 500 ஜிபி, 19 இன்ச். இதில் 19 இன்ச் தவிர எனக்கு எதுவும் புரியவில்லை.

காலையில் சிபியூவைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து, எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் விண்டோஸ் வந்துவிடும். ஆனால் எந்தத் தளமும் திறக்காது. இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று சிவப்பு முக்கோணம் வருகிறது. அதே வைஃபையில் என் போன் நன்றாக ஓடுகிறது. தம்பி மகன் வந்து ஏதோ தட்டிவிட்டுப் போனால் அன்று முழுக்க நெட் வரும், மறுநாள் காலை பழைய கதைதான். அவனுக்கு நைட் ஷிப்ட், தினமும் கூப்பிட முடியாது. ஒரு கல்யாண ஆர்டருக்காக மூன்று நாள் ராத்திரி பகலாகத் தைத்தேன், அந்த மூன்று நாளும் தொந்தரவே இல்லை.

கடையில் காட்டினால் மதர்போர்டு போய்விட்டது, 4,500 ரூபாய் ஆகும், மெமரியும் ஃபுல் என்கிறார்கள். மகளுக்கு அடுத்த வாரம் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். என்ன செய்வது?

ஆண்டாப் ஹில்

அக்கா, ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். பின்னால் செருகியிருக்கும் வைஃபை குச்சியை வேறு யுஎஸ்பி ஓட்டையில் மாற்றியும் பாருங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

தாராவி

இரண்டும் செய்தேன் தம்பி, மாற்றமில்லை. மூலையில் வைஃபை விசிறி முழுசாகத்தான் காட்டுகிறது.

சயான் கோலிவாடா

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் 12 வருடம் ரிப்பேர் பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். காசு கொடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள் அக்கா. திரையின் வலது கீழ் மூலையில் என்ன தேதி காட்டுகிறது? அந்தச் சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதில் என்ன இருக்கிறது? ராத்திரி சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறீர்களா?

தாராவி

தேதி 1-1-2014 என்று காட்டுகிறது, மணி 12:07. சின்ன வரியில் கடைசி வார்த்தைகள் ‘டேட் இன்வேலிட்’ என்று மகள் படித்தாள். சுவர் சுவிட்சைத் தினமும் அணைப்பேன். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஈரம் ஊறும், பயம். கல்யாண ஆர்டர் சமயத்தில் மட்டும் அதே போர்டில் தையல் மிஷின் மோட்டார் ஓடியதால் அணைக்கவில்லை.

சயான் கோலிவாடா

அவ்வளவுதான் அக்கா, கிடைத்துவிட்டது. உங்கள் மதர்போர்டு உயிரோடு இருக்கிறது. அதில் இருக்கும் ஒரு சின்ன செல் தீர்ந்துபோயிருக்கிறது.

மதர்போர்டு என்பது பெட்டிக்குள் இருக்கும் பெரிய பலகை. மற்ற எல்லாம் அதில்தான் செருகியிருக்கும். அதில் எட்டணா அளவுக்கு வட்டமாக வெள்ளி நிறத்தில் ஒரு செல் இருக்கும், சிமாஸ் செல் என்போம். கரண்ட் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓட அதுதான் காரணம். விண்டோஸ் வருவதற்கு முன்னால் பலகையை எழுப்பிவிடும் சின்ன மென்பொருளுக்கு பயாஸ் என்று பெயர். அதில் நாம் வைத்த செட்டிங்கும் அந்த செல்லின் தயவில்தான் நிற்கிறது. செல் தீர்ந்த பிறகு சுவர் சுவிட்சை அணைத்தால் எல்லாம் மறந்துபோகும், காலையில் எஃப்1 கேட்கும், தேதி 2014-க்குப் போய்விடும். சுவிட்ச் போட்டபடி இருந்தால், கம்ப்யூட்டரை நிறுத்தியிருந்தாலும் உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் கொஞ்சம் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், கடிகாரம் நிற்காது. உங்கள் மூன்று நாள் நிம்மதிக்கு அதுதான் காரணம். தம்பி மகன் தட்டியது தேதியைத்தான்.

தேதிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தளமும் உங்கள் கம்ப்யூட்டரிடம் ஒரு சான்றிதழைக் காட்டும். லோக்கல் ரயில் சீசன் பாஸ் மாதிரி, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்று அதில் இருக்கும். இப்போது எந்தத் தளத்தின் சான்றிதழும் சுமார் பதின்மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது, பல தளங்களில் 90 நாள்தான். உங்கள் பிரவுசர் கையிலிருக்கும் காலண்டரோ 2014. புது பாஸைப் பார்த்து, இது இன்னும் தொடங்கவே இல்லையே என்று உள்ளே விட மறுக்கிறது. அது நியாயமாகத்தான் நடக்கிறது. தேதியை மட்டும் யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போதைக்கு மூலையிலுள்ள மணியில் வலது கிளிக் செய்து தேதி, நேரம் இரண்டையும் கையால் திருத்துங்கள். ப்ராஜெக்ட் நிற்காது.

தாராவி

திருத்தினேன். உடனே எல்லாம் திறந்துவிட்டது! இரண்டு வாரமாக மகள் அழுதது இதற்காகவா! செல்லை நானே மாற்றலாமா? இன்னொன்று, மெமரி ஃபுல் என்றார்களே, அது 4 ஜிபியா 500 ஜிபியா? திறந்து பார்த்தால் 465 என்றுதான் காட்டுகிறது. 35 ஜிபியைக் குறைத்துக் கொடுத்துவிட்டார்களா?

மாட்டுங்கா

தாராளமாக மாற்றலாம் அம்மா. செல்லை சயான் கோலிவாடா தம்பி சொல்வார், பெயர்களை நான் சொல்கிறேன். பல வருடம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தேன். முதல் மாதமே இந்தச் சொற்கள் தெளிவாகிவிட்டால் அப்புறம் பயமே இருக்காது.

நீங்கள் சிபியூ என்று சொல்லும் பெட்டிக்குக் கேபினெட் என்று பெயர். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், தப்பில்லை. ஆனால் கடையில் ‘சிபியூ மாற்ற வேண்டும்’ என்றால் பெட்டியா, உள்ளே இருக்கும் புராசசர் சில்லா என்று கேளுங்கள். உங்கள் சீட்டில் இருக்கும் ஐ3 அந்தச் சில்லுதான், கணக்குப் போடுவது அதன் வேலை.

இப்போது உங்கள் தையலையே வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்வது உங்கள் கை, அது புராசசர். துணியைப் பரப்பி வெட்டும் மேசை 4 ஜிபி, அதுதான் ரேம். துணிக்கட்டுகளை அடுக்கும் பரண் 500 ஜிபி, அது ஹார்ட் டிஸ்க். பரண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேசை சிறிதென்றால் ஒன்றை எடுத்து ஒன்றை வைத்து நேரம் போகும். கம்ப்யூட்டரை அணைத்தால் மேசை காலியாகும், பரணில் வைத்தது அப்படியே இருக்கும். சேமிக்காமல் அணைத்த ப்ராஜெக்ட் காணாமல் போவது இதனால்தான். இரண்டையும் ‘மெமரி’ என்றே சொல்வதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. யார் மெமரி என்றாலும் ரேமா, டிஸ்கா என்று கேட்டுவிடுங்கள்.

465 விஷயத்தில் யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணி 500 ஜிபி என்று போடுகிறார்கள், விண்டோஸ் 1,024 வீதம் எண்ணுகிறது. அதே அளவு, வேறு படி.

எது நிரம்பியிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்று அங்கே இருப்பது ரேம்.

தாராவி

பார்த்தேன் டீச்சர். மெமரி 81 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். ஆனால் பரணில் 300-க்கு மேல் காலி என்று காட்டுகிறதே?

மாட்டுங்கா

அங்கே டிஸ்க் 100 என்றால் நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை அம்மா. அந்த நிமிடத்தில் டிஸ்க் ஓய்வில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். கடைக்காரரும் இதைப் பார்த்துத்தான் ஃபுல் என்றாரோ என்னவோ.

சயான் கோலிவாடா

ஹார்ட் டிஸ்குக்குள் தட்டு சுழலும், டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று. முள் ஓடி ஓடித் தேட வேண்டும். எஸ்எஸ்டி என்பது சில்லுகளிலேயே சேமிக்கும் டிஸ்க், அதில் சுழல்வது எதுவும் இல்லை, அதனால் வேகம். பிற்பாடு காசு சேர்ந்தால் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா என்பது டிஸ்கைப் பலகையோடு இணைக்கும் வகை) போட்டு அதில் விண்டோஸை ஏற்றுங்கள், பழைய டிஸ்க் பரணாகவே இருக்கட்டும். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு. ரேம் வாங்கினால் டிடிஆர்3, டெஸ்க்டாப் ரேம் என்று சொல்லி வாங்குங்கள். டிடிஆர்4-இல் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், நுழையாது. அமுக்கினால் பலகை உடையும். இன்னொன்று, நான்காம் தலைமுறையை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்தது. ப்ராஜெக்ட் முடிந்ததும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுவதைப் பற்றிப் பேசுவோம், அது இலவசம்.

இப்போது செல். கடையில் சிஆர்2032 என்று கேளுங்கள். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதுதான் அந்த எண். 3 வோல்ட். ஐம்பது ரூபாய்க்குள் முடியும். வாட்ச் கடையிலும் இருக்கும், லாமிங்டன் ரோடுவரை போக வேண்டாம். போவதென்றால் மாஹிமில் ஸ்லோ வண்டி ஏறி கிராண்ட் ரோடில் இறங்குங்கள், கிழக்குப் பக்கம்.

சுவர் சுவிட்சை அணைத்து, வயரையும் கழற்றிவிடுங்கள். பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்தினால் மிச்சக் கரண்ட் வடிந்துவிடும். பக்கத் தகடைக் கழற்றி, பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், கையிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். செல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதை விரல் நகத்தால் தள்ளினால் செல் எழும்பிவிடும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். புதிய செல்லில் கூட்டல் குறி மேலே தெரியட்டும். பிறகு போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய்த் தேதியை வைத்து, சேமித்து வெளியே வாருங்கள். வேறு செட்டிங் அழியுமோ என்ற கவலை வேண்டாம், அதெல்லாம் ஏற்கெனவே தினமும் அழிந்துகொண்டுதான் இருக்கிறது.

செம்பூர்

நான் கேபிள் இழுக்கும் வேலை செய்கிறேன், ஒன்று சேர்க்கிறேன். வைஃபை வேறு, நெட் வேறு. விசிறிக் குறி முழுசாக இருந்தால் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் பேச்சு நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். வெளியே போகிறதா என்று பார்க்க, ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி வரும் கறுப்பு ஜன்னலில் பிங் என்ற நான்கு ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, 8.8.8.8 என்று அடித்து என்டர் தட்டுங்கள். பதில் வந்தால் லைன் சரி. அப்புறமும் தளம் திறக்காவிட்டால் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ், அல்லது உங்களுக்கு வந்த மாதிரி தேதி.

தாராவி

செல் மாற்றிவிட்டேன், 40 ரூபாய். மகள் டார்ச் பிடித்தாள், கொக்கியைத் தள்ளியது நான். மூன்று ராத்திரி சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். எஃப்1 கேட்கவில்லை, தேதி சரியாக நிற்கிறது. ப்ராஜெக்டை நேற்று கொடுத்துவிட்டாள். உங்கள் எல்லோருக்கும் நன்றி. பழைய செல்லைத் தம்பியின் இரண்டு வயதுக் குழந்தை விளையாடக் கேட்கிறது, தீர்ந்துபோனதுதானே, கொடுக்கலாமா?

சயான் கோலிவாடா

கொடுக்கவே கொடுக்காதீர்கள் அக்கா. கம்ப்யூட்டருக்குப் போதாத கரண்ட் என்றாலும் குழந்தையின் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, உயரத்தில் ஒரு டப்பாவில் வையுங்கள். அடுத்த முறை வாட்ச் கடைப் பக்கம் போகும்போது அங்கே வாங்கிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள்.

தாராவி

இப்போதே டேப் ஒட்டி பரணில் வைத்துவிட்டேன்.