புதுப்பிப்பு: மகனின் இதய சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது

இரண்டு வயது மகனுக்கு இதயத்தின் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை, கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்திருக்கிறார்கள், பிரார்த்தியுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். முடிந்துவிட்டது. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்துவிட்டோம்.

இதயத்தை நிறுத்தி, இரத்தத்தை இயந்திரத்தின் வழியே ஓடவிட்டு, ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்தார்கள். அந்த மணித்தியாலங்களில் என்னால் ஒரு தேவாரம்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை, முதல் வரியிலேயே நின்றுவிடும், முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமி செபமாலையோடு பக்கத்தில் இருந்தார் (மனைவி வீட்டார் கத்தோலிக்கர், மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார்கள்), என் அம்மா செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானம் கொடுப்பதாக நேர்ந்திருந்தார். எந்தச் சாமி காப்பாற்றியது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. வைத்தியர்களின் கையைக் கடவுள்தான் பிடித்திருந்தார் என்று மாமி சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன்.

இப்போது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். நெஞ்செலும்பு பொருந்தும்வரை கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது, கீழேயும் முதுகிலும் தாங்கித்தான் தூக்கவேண்டும், பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. பல்லுக்கு ஏதும் செய்வதானால் முதலில் இதய வைத்தியரைக் கேட்கவேண்டும். முன்பு பால் குடிக்கும்போதே வியர்த்து மூச்சு வாங்கும், இப்போது சோறு கேட்டு அழுகிறான்!

சந்நிதி அன்னதானம் வருகிற வெள்ளி, முடிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள். காயம் நன்றாக ஆறியதும் மடுவுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போவோம்.