ஜெராக்ஸில் கறுத்துப்போன ரெஸ்யூமே: அமைப்பை எப்படி மாற்றுவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகி

அனைவருக்கும் வணக்கம். மின்னியலில் டிப்ளமோ முடித்து, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கோயம்புத்தூரில் வேலை தேடுவதற்காக, இணையத்தில் கிடைத்த ஒரு டெம்ப்ளேட்டில் ரெஸ்யூமே தயாரித்தேன். இடப்பக்கம் முழுநீளத்துக்குக் கருநீலப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் கைபேசி எண், அதற்குக் கீழே ஒவ்வொரு திறமைக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று இருந்தது. திரையில் பார்க்க நிறைவாகவே தோன்றியது. சென்ற வாரம் நேர்காணலில், அவர்கள் கையிலிருந்த கறுப்பு-வெள்ளை நகலில் பட்டை முழுவதும் மை அப்பியதுபோல் கறுத்து, எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் படிக்க முடியாமல் போயிருந்ததைக் கண்டேன். வண்ணமே வேண்டாமென்று விட்டுவிடலாமா?

மறுமொழி: டிடிபி தொழிலாளி, சித்தூர் (பாலக்காடு)

சகோதரிக்கு வணக்கம். வண்ணத்தை விட வேண்டியதில்லை. எழுத்துக்குப் பின்னால் அதைப் பூசுவதை மட்டும் விட்டுவிடுங்கள். வெள்ளைத் தாளில் உள்ள கருநீல எழுத்து ஜெராக்ஸில் கறுப்பாக விழும், தெளிவாகப் படிக்கலாம். கருநீலத்தின் மேல் உள்ள வெள்ளை எழுத்தோ, டோனர் (ஜெராக்ஸ் மைத்தூள்) சற்றே பரவினாலும் அடைபட்டுவிடும். பெயர், தலைப்புகள், தலைப்பின் கீழ் ஒரு மெல்லிய கோடு ஆகியவற்றுக்குக் கருநீலம் போதும். வெளிர்சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம். இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கின்றன. தாளுக்கும் அதையே அளவாகக் கொள்ளலாம்.

ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ.; இருபுறமும் 20 மி.மீ. மார்ஜின் விட்டால் எழுத்துக்கு 170 மி.மீ. கிடைக்கும். உள்ளடக்கம் 11 பாயிண்ட், தலைப்பு 13, பெயர் 20 என மூன்றே அளவுகள் போதும். தலைப்புக்கு மேலே விடும் இடம், கீழே விடுவதைப்போல் இரு மடங்கு இருக்கட்டும். அப்போதுதான் அது தனக்குரிய பகுதியோடு ஒட்டி நிற்கும்.

என்னிடம் வரும் பல கோப்புகளில், ஆண்டுகளை வலப்பக்கம் தள்ளுவதற்காக ஸ்பேஸ் விசையை இருபது முப்பது முறை தட்டியிருப்பார்கள். எழுத்துரு மாறியதும் 2019 ஓரிடத்திலும் 2021 வேறிடத்திலும் நிற்கும். தட்டச்சுத் திரையின் மேலுள்ள அளவுகோலில் 170 மி.மீ. இடத்தில் வலப்புற டேப் ஒன்று வைத்து, ஒருமுறை டேப் விசையை அழுத்தினால் போதும். எல்லா ஆண்டுகளும் ஒரே கோட்டில் வந்துவிடும்.

மறுமொழி: மனிதவளப் பிரிவு, கோவை

நான் பம்பு தயாரிக்கும் நிறுவனமொன்றில் விண்ணப்பங்களைப் பார்ப்பவள். மேலே சொன்னது சரிதான். ஆனால் எனக்கு வண்ணத்தைக் காட்டிலும் வரிசைதான் முக்கியமாகப் படுகிறது. கட்டுக்கட்டாக விண்ணப்பங்கள் வரும் நாளில், தாளின் மேல் மூன்றிலொரு பகுதியைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு படிப்பதா என்று முடிவு செய்கிறேன். அங்கே நட்சத்திரங்கள் எனக்கு எதையும் சொல்வதில்லை. பி.எல்.சி.க்கு (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) நான்கு நட்சத்திரம் என்றால் அது யார் போட்ட மதிப்பெண்? ‘பி.எல்.சி. பேனலில் பழுது கண்டறிந்து சரிசெய்தல், 4 ஆண்டுகள்’ என்ற ஒரு வரி உடனே புரிகிறது.

சில நிறுவனங்களில் மென்பொருள்தான் முதலில் படிக்கிறது. இடம், வலம் என இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்த பக்கத்தில், இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் அது சேர்த்துப் படித்துக் குழப்பிவிடக்கூடும். ஆகவே ஒரே நெடுவரிசையாக அமையுங்கள்.

இன்னொன்று, தங்கை. எல்லைப் பகுதியில் வளர்ந்தவர்கள் தமிழ், மலையாளம் இரண்டும் தெரியும் என்பதைத் தாளின் அடியில் கடைசி வரியாக வைத்துவிடுகிறார்கள். இரு மாநிலத் தொழிலாளர்களும் ஒரே ஷிப்டில் நிற்கும் இடத்தில், இருவரிடமும் அவரவர் மொழியில் பேசிப் பழுதைக் கேட்டறியக்கூடியவர் எங்களுக்குப் பெரிய உதவி. அதை மேலே கொண்டுவாருங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா, நன்றி அக்கா. மொழியை உண்மையிலேயே அடியில்தான் வைத்திருந்தேன். ஒரு சிறிய ஐயம்: கேரள அரசுப் பள்ளியில் லினக்ஸில் படித்த பழக்கத்தால் இன்றும் லிப்ரே ஆபிஸில்தான் தட்டச்சு செய்கிறேன். அதே கோப்பை வேறு கணினியில் வேர்டில் திறந்தால் இரண்டு வரிகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன.

மறுமொழி: டிடிபி தொழிலாளி, சித்தூர்

உங்கள் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாவிட்டால் வேறொன்று அதன் இடத்தில் வந்து உட்காரும். அதன் அகலம் வேறு என்பதால் வரிகள் நகரும். வேர்டு கோப்புதான் வேண்டும் என்று அவர்கள் கேட்டாலொழிய பிடிஎஃப் ஆக மாற்றியே அனுப்புங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்து செல்லும். அனுப்புவதற்கு முன் ஒரு பிரதி அச்சிட்டு, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலை மீண்டும் ஒருமுறை ஜெராக்ஸ் எடுங்கள். இரண்டாவது நகலிலும் கைபேசி எண்ணின் பத்து இலக்கங்களும் தடுமாறாமல் படிக்க வந்தால் அனுப்பிவிடலாம்.