பழைய கிரெடிட் கார்டு ஒப்பந்தம்: பிரிட்டனில் செல்லுமா?

கேள்வி: 2005இல் எடுத்த கார்டுக் கடனை வசூல் கம்பெனி வாங்கியிருக்கிறது. ஒப்பந்த நகல் கேட்கலாமா அண்ணா?

பதில் 1: தாராளமா. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தில் கார்டுக்குப் பிரிவு 78, லோனுக்கு 77. கடிதத்தோடு 1 பவுண்டு கட்டணம். "கடனை ஒப்புக்கொள்ளவில்லை" என்று முதல் வரியிலேயே போடுங்க. 12 வேலைநாளில் நகல் வராவிட்டால், அது வரும்வரை கோர்ட்டில் அமலாக்க முடியாது.

பதில் 2: மறுபடி தட்டச்சு செய்த நகலே போதும் என்று 2009இல் கேரி என்பவர் HSBC வங்கிமேல் போட்ட வழக்கில் தீர்ப்பு. அசல் தாள்தான் வரணும்னு நினைச்சு இங்கேதான் பலர் சறுக்குறாங்க. ஆனா உங்களுது 2007 ஏப்ரல் 6க்கு முந்தையது, அதுக்குப் பழைய விதிதான். கையெழுத்திட்ட தாளிலேயே கடன் வரம்பு, வட்டி, திருப்பிக் கட்டும் விவரம் இல்லாவிட்டால் கோர்ட்டே அமலாக்க முடியாது.

பதில் 3: அமலாக்க முடியாட்டாலும் கடன் அழியாது தம்பி, கிரெடிட் ஃபைலிலும் (உங்க கடன் வரலாற்றுப் பதிவு) நிற்கலாம். இங்கிலாந்து, வேல்ஸில் கோர்ட் படிவம் வந்தா 14 நாளுக்குள் பதில் போடுங்க.