ஒரே மெஸ் சாப்பாடு, ஒரே நடை. எனக்கு மட்டும் ஏன் எடை கூடுகிறது?

வைகறை

நானும் என் அறைத்தோழியும் நாலு வருடமாக ஒரே விடுதியில் இருக்கிறோம். ஒரே வயது, கிட்டத்தட்ட ஒரே உயரம். காலையில் மெஸ்ஸில் இட்லியோ பொங்கலோ, மதியம் டப்பா சாப்பாடு, சாயந்திரம் ஒரே கடையில் டீ, ராத்திரி சப்பாத்தி. ஆபீசும் ஒன்றுதான், எட்டு மணி நேரம் நாற்காலிதான். காலையில் நாற்பது நிமிடம் நடப்பதுகூடச் சேர்ந்துதான். அவள் 52 கிலோவிலேயே நிற்கிறாள். நான் வந்தபோது 58, இப்போது 69. ஊருக்குப் போனால் அம்மாவில் ஆரம்பித்து எல்லோரும் "அவளும் உன்னோடதானே சாப்பிடுறா, நீ வாயைக் கட்டணும்" என்கிறார்கள். தைராய்டு பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. ஒளித்து வைத்து நான் எதுவும் தின்பதில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதுதான் ரொம்ப வலிக்கிறது. இதற்கு உண்மையிலேயே காரணம் இருக்கிறதா, அல்லது நான்தான் என்னை ஏமாற்றிக்கொள்கிறேனா?

கணக்கர்

தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. ஆனால் "ஒரே சாப்பாடு" என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்ன சிலரை நியூயார்க்கில் சோதித்தார்கள், 1992-இல் வெளியான ஆய்வு. அவர்கள் சொன்ன அளவைவிட உண்மையில் சாப்பிட்டது ரொம்ப அதிகம், சராசரியாக 47% குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடல் செலவழிக்கும் சக்தியில் எந்தக் குறையும் இல்லை. வேண்டுமென்று செய்ததல்ல, மனிதருக்கு அந்தக் கணக்கு வராது, அவ்வளவுதான்.

உங்கள் 11 கிலோவையே எடுங்கள். ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி. நாலு வருடத்துக்குப் பிரித்தால் நாளைக்கு 60 கலோரிகூட வராது, ஏறக்குறைய ஒரு இட்லி. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்குக்கூட அந்த ஒரு இட்லி தெரியாது.

உடலியங்கியல் டீச்சர்

கணக்கர் சொன்னது சரி, ஆனால் பாதிதான். எடை ஏற ஏற உடல் செலவழிப்பதும் ஏறும் என்பதால் அந்த வகுத்தல் அப்படியே பொருந்தாது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையிலேயே அளந்து, கண் முன்னால் வைத்து, ஒரே அளவு அதிகமாகக் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறுமா? இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். நர்சிங் மாணவிகளுக்கு இந்தப் பாடம் எடுக்கும்போது நான் இதில்தான் தொடங்குவேன்.

கனடாவின் கியூபெக்கில் குளோட் பூஷார் குழு, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் 12 ஜோடிகளைத் தங்கவைத்து, 100 நாளில் 84 நாட்கள் தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கொடுத்தது. 1990-இல் முடிவு வந்தது. சராசரியாக ஏறியது 8.1 கிலோ. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோதான், இன்னொருவருக்கு 13.3 கிலோ! அதே சாப்பாடு, அதே கண்காணிப்பு. இரட்டையரில் ஒருவருக்கு நிறைய ஏறியிருந்தால் மற்றவருக்கும் பெரும்பாலும் நிறையவே ஏறியிருந்தது. ஜோடிக்கு ஜோடிதான் பெரிய வித்தியாசம். அதாவது கூடுதலாக வருவதை எப்படிச் சேமிப்பது என்பதில் பிறவிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அந்தக் கூடுதல் எங்கே போகிறது? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் 16 பேருக்கு எட்டு வாரம் இதேபோல் 1,000 கலோரி கூட்டிக் கொடுத்தார் (1999). கொழுப்பு கொஞ்சமாக ஏறியவர்கள் உடற்பயிற்சி செய்தவர்கள் அல்ல. அவர்களுடைய சின்னச் சின்ன அசைவுகள் தானாகவே கூடியிருந்தன. எழுவது, நிற்பது, கால் ஆட்டுவது, உட்கார்ந்த இடத்திலேயே நெளிவது. ஒருவருக்கு இது மட்டும் நாளைக்கு 692 கலோரி கூடியது, இன்னொருவருக்குக் கொஞ்சம் குறைந்தேபோனது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. உங்கள் நாற்பது நிமிட நடை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், மீதி இருபத்து மூன்று மணி நேரம் ஒன்றா என்று யாருக்குத் தெரியும்? பசியும் அப்படித்தான். ஒருவருக்கு மூன்றாவது இட்லியிலேயே "போதும்" என்று மூளை சொல்லிவிடுகிறது, இன்னொருவர் அதே மூன்றோடு எழுந்திருக்க மனசைக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் மூன்று இட்லிதான்.

அதனால் உங்கள் எடையை வைத்து உங்கள் மன உறுதியை எடைபோடும் உரிமை யாருக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, ஸ்டீராய்டு மாதிரி ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்பதை மட்டும் டாக்டரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

மேட்டுத்தெரு

டீச்சர் சொன்னதைப் படித்ததும் என் தம்பிதான் நினைவுக்கு வந்தான். போன் பேசினால் மொட்டை மாடியை நாற்பது தரம் சுற்றுவான், சாப்பிடும்போதே இரண்டு தரம் எழுந்து போவான். நான் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே அம்மா கைச் சமையல், அவனுக்கும் எனக்கும் 20 கிலோ வித்தியாசம்.

தென்பொதிகை

ஒல்லியான தோழியும் இதைப் படிக்கட்டும். புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் ஜான் யட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையும் லான்செட் மருத்துவ இதழில் போட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 22.3, துளி வித்தியாசம் இல்லை. உடல் கொழுப்பை அளந்தால் யட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. நம் ஊர் உடம்பு ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு வைத்திருக்கும், குறிப்பாக வயிற்றில். என் அப்பாவை யாரும் குண்டு என்று சொன்னதே இல்லை, 41 வயதில் சர்க்கரை வந்தது. எடை மெஷினோடு நிறுத்தாமல் இடுப்பையும் அளங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனால் கவனம் வேண்டும்.

வைகறை

எல்லோருக்கும் நன்றி. கணக்கர் சொன்னது முதலில் கோபமாக வந்தது, அப்புறம் யோசித்தேன். மெஸ்ஸில் பொங்கல் போடும் நாளில் அவள் பாதியை ஒதுக்கிவிடுவாள், அந்தப் பாதியைப் பல நாள் நான் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன். வீணாகப் போகிறதே என்றுதான். டீச்சர் சொன்னதை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு "உன் பெரியம்மாவும் பாட்டியும் இந்த உடல்வாகுதான், முப்பது தாண்டித்தான் போட்டது" என்றார். மாதவிலக்கு ஒழுங்காகத்தான் வருகிறது, ஆனாலும் டாக்டரிடம் கேட்கிறேன். தோழி தையல் கடையிலிருந்து டேப் வாங்கி வந்திருக்கிறாள், முதலில் அவளுக்குத்தான் அளக்க வேண்டுமாம்.