கலைச்சொல் உதவி: செலவுக் கண்காணிப்பு, செலவுக் கட்டுப்பாடு, இன்னும் ஒன்று (வெள்ளிக்குள்)

கடைசித்தேதி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

கட்டுமானப் பணியிடத்தில் மேற்பார்வை செய்கிறவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். தலைப்பிலேயே 'காஸ்ட் மானிட்டரிங்', 'காஸ்ட் கண்ட்ரோல்' என்று இரண்டு வருகின்றன. முதலாவதைச் செலவுக் கண்காணிப்பு என்றும் அடுத்ததைச் செலவுக் கட்டுப்பாடு என்றும் எழுதி, அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கேட்டார்: "முதல் பாதி, எவன் சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று பார்ப்பது. அடுத்த பாதி, கையைக் கட்டிக்கொண்டு சிக்கனமாக இருப்பது. அப்படித்தானே?"

இரண்டுமே இல்லை. ஆனால் அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. நான் எழுதிய தமிழ் அப்படித்தான் கேட்கிறது.

போதாததற்கு 'ஏர்ன்டு வேல்யூ' என்று ஒன்று, அதாவது முடிந்த வேலைக்கு ஒதுக்கீட்டின்படி உள்ள மதிப்பு, பக்கத்துக்கு நாலு முறை வருகிறது. 'ஈட்டிய மதிப்பு' என்றால் ஒப்பந்தக்காரர் சம்பாதித்த லாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளி மாலை கோப்பு அச்சுக்குப் போகிறது. மூன்றே மூன்று சொல் கொடுத்து உதவுங்கள்.

ரசமட்டம் எழுதியது:

சொல் அப்புறம். முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம்.

150 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தளம் போட வேண்டும். அடிப்பலகையை 10 மில்லிமீட்டர் தாழ்த்தி அடித்துவிட்டார்கள். மேல்மட்டம் மாறாது என்பதால் கனம் 160 ஆகிவிடும், கான்கிரீட் ஏறக்குறைய 7% கூடுதலாகக் குடிக்கும். மாதக் கடைசியில் பில்லைக் கணக்கோடு ஒப்பிட்டு "இந்தத் தளத்தில் 7% கூடிவிட்டது" என்று சொல்வது மானிட்டரிங். கான்கிரீட் வண்டி வரும் முன்பே மட்டம் பிடித்து, "பலகையைத் தூக்கு" என்று சொல்வது கண்ட்ரோல். இறுகிப்போன கான்கிரீட்டை எந்தக் கட்டுப்பாடும் திருப்பிக் கொடுக்காது.

ஆக, ஒன்று தெரிந்துகொள்வது, மற்றது தெரிந்ததை வைத்து நடவடிக்கை எடுப்பது. சில சமயம் கண்ட்ரோல் என்பது அதிகம் செலவழிப்பதாகக்கூட இருக்கும். பலகையைத் தாங்கும் முட்டுகளை இன்னொரு செட் வாடகைக்கு எடுத்தால் அந்த வாரச் செலவு ஏறும், ஆனால் வேலை சீக்கிரம் முடிந்து மொத்தச் செலவு இறங்கும். 'கட்டுப்பாடு' என்று எழுதினால் இந்த அர்த்தம் வரவே வராது. ரேஷன், ஊரடங்கு, நாக்குக் கட்டுப்பாடு, இவைதான் ஞாபகத்துக்கு வரும்.

வேர்ச்சொல் எழுதியது:

ரசமட்டம் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நாம் ஆங்கிலச் சொல்லின் இன்றைய மேல்தோலை மொழிபெயர்க்கிறோம், அதன் எலும்பைப் பார்ப்பதில்லை. கண்ட்ரோல் என்பது இடைக்கால லத்தீனின் 'கான்ட்ரா ரோட்டுலுஸ்' என்பதிலிருந்து வந்தது. எதிர்ச் சுருள் என்று பொருள். ஒருவர் கணக்குச் சுருள் எழுதுவார். இன்னொருவர் அதற்கு எதிராக இரட்டைப்படி ஒன்று வைத்துச் சரிபார்ப்பார். எனவே கட்டுவதோ தடுப்பதோ அதன் பிறப்பில் இல்லை.

நான் முன்மொழிவது: எதிரேடு. காஸ்ட் கண்ட்ரோல் = செலவெதிரேடு. 

கண்காணிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். கண் + காண் என்ற எளிய கட்டு. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியம் பார்த்தவர் 'ஸ்ரீகார்யக் கண்காணி'. அதே சொல் கங்காணியாகி, இலங்கை மலையகத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் காடுகளுக்கும் போய், ஆங்கில அகராதிக்குள்ளும் ஏறியது. ஆயிரம் ஆண்டு வேலை பார்த்த சொல்லை ஒரு மேஸ்திரியின் சந்தேகத்துக்காகத் தள்ளலாமா?

ரசமட்டம் எழுதியது:

வேர்ச்சொல் ஐயா, கங்காணி என்றதும் தோட்டத்தில் பிரம்போடு நின்றவர்தானே நினைவுக்கு வருகிறார்? மேஸ்திரி பயந்ததும் அதற்குத்தான். கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார் என்று திருமந்திரமே திருட்டைத்தான் முன்னால் வைக்கிறது. சொல்லுக்கு வயது ஏற ஏறச் சந்தேகமும் ஏறியிருக்கிறது.

அப்புறம், 'செலவெதிரேடு' என்று பலகை எழுதி மாட்டினால் என் ஆட்கள் அதைச் செலவுக்கு எதிரான ஏடு என்றுதான் படிப்பார்கள்.

பேரேடு எழுதியது:

கணக்குப் பார்க்கிறவளின் குறுக்கீடு. மானிட்டரிங், கண்ட்ரோல் இரண்டுக்கும் அடிபிடி நடக்கிறது. முதற்சொல்லான 'காஸ்ட்' எல்லோருக்கும் செலவுதானா? நான் படித்த இலங்கைப் பாடநூல்களில் அது கிரயம். கிரயக் கணக்கீடு என்றுதான் பாடத்தின் பேர். தமிழ்நாட்டுப் பாடநூலில் அடக்கவிலைக் கணக்கியல். அங்கே கிரயம் என்றால் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இது வீண் சண்டை இல்லை. கட்டுமானத்தில் செலவுக்கு மூன்று தேதிகள் உண்டு. கம்பிக்கு ஆர்டர் கொடுத்த நாள், கம்பி வந்து இறங்கிய நாள், காசு கொடுத்த நாள். மூன்றாவதை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவர் பாதி வேலை வரைக்கும் நிம்மதியாக இருப்பார். ஆர்டர் கொடுத்த அன்றே அந்தப் பணம் கையை விட்டுப் போனது போலத்தான். செலவு என்ற சொல் 'போய்விட்டது' என்று சொல்கிறது. போகப்போவதை அது சொல்வதில்லை.

வேர்ச்சொல் எழுதியது:

கிரயம் வடசொல். அவ்வளவே.

பேரேடு எழுதியது:

தெரியும் ஐயா. நீங்கள் காப்பாற்றிய 'ஸ்ரீகார்யக் கண்காணி'யில் முன்பாதி என்ன சொல்லாம்?

ஒற்று எழுதியது:

பிள்ளைகளே, இரண்டு நாளாகப் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். வரவு குறைந்தாலும் செலவு மிஞ்சாவிட்டால் கேடில்லை என்கிற 'போகாறு அகலாக் கடை' குறளை யாராவது கொண்டுவந்து போடுவார்கள் என்று காத்திருந்தேன், இன்னும் வரவில்லை, நன்றி. அதை அலுவலகச் சுவரில் எழுதலாம், பாடத் தலைப்பாக்க முடியாது.

செலவு 'செல்' என்பதன் வழி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம். பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன் தலைவியின் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றால் அது செலவழுங்கல். தொல்காப்பியர் கற்பியலில் ஒரு நூற்பா வைத்திருக்கிறார்:

"செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே
வன்புறை குறித்தல் தவிர்ச்சி ஆகும்."

போகாமல் நின்றான் என்றால் போகவே மாட்டான் என்று பொருளில்லை. ஆற்றுவித்துவிட்டுப் போவதற்காகக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கிறான். எனவே 'செலவழுங்கு' என்ற சொல்லைக் கண்ட்ரோலுக்கு எடுத்தாளலாமா என்று யோசித்தேன்.

ரசமட்டம் எழுதியது:

ஒற்று ஐயா, சொல்லை எடுத்துக்கொள்ள மாட்டேன், நூற்பாவை எடுத்துக்கொள்கிறேன். செங்கல்காரருக்குப் பணம் கொடுக்காமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, "இந்த மாதம் செலவு கட்டுக்குள்" என்று அறிக்கை எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். செலவழுங்கல் செல்லாமை அன்று. பேரேடு அக்கா சொன்ன மூன்று தேதியும் இதுதான்.

புள்ளி எழுதியது:

இழையில் இதுவரை இரண்டு பேர் 'கட்டுமானம்' என்று எழுதித் தப்பித்துவிட்டீர்கள். கையேட்டில் கட்டடமா கட்டிடமா? கட்டு + இடம் = மனை. எழும்பி நிற்பது கட்டடம். முதலில் இதை முடிவு செய்யுங்கள்.

(இதற்குப் பதினேழு மடல்கள் வந்தன. இழையைத் தொகுக்கிறவன் என்ற முறையில் அவற்றைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். - கடைசித்தேதி)

பேரேடு எழுதியது:

மூன்றாவது சொல்லுக்கு வருவோம், தம்பி வெள்ளிக்கிழமை என்று அழுகிறார்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு வேலைக்கு மொத்தம் 10 லட்சம் ஒதுக்கியிருக்கிறது. இன்றைக்குப் பாதி முடிந்திருக்க வேண்டும், அதாவது 5 லட்சத்துக்கான வேலை. உண்மையில் முடிந்தது 40%. செலவானது 4.8 லட்சம். செலவை மட்டும் பார்க்கிறவர், "ஐந்துக்கு 4.8தானே, இருபதாயிரம் மிச்சம்" என்பார். ஆனால் அந்த 4.8 கொடுத்து வாங்கிய வேலைக்கு ஒதுக்கீட்டின்படி மதிப்பு 4 லட்சம்தான். எண்பதாயிரம் நட்டத்தில் இருக்கிறோம், வேலையும் பின்தங்கியிருக்கிறது. இதே போக்கில் போனால் 10ஐ 4-க்கும் 4.8-க்கும் உள்ள விகிதத்தால் வகுக்க வேண்டும், 12 லட்சத்தில் போய் நிற்கும்.

அந்த 4 லட்சத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம். 'ஏர்ன்டு' என்பது பிற்பாடு நிலைத்த பெயர். 1967-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஒப்பந்தங்களுக்கு 35 அளவுகோல்களை விதித்தபோது அதை 'செய்த வேலைக்கு ஒதுக்கிய செலவு' என்ற பொருளில்தான் அழைத்தார்கள். நீளம்தான், ஆனால் யாரும் லாபம் என்று நினைக்க மாட்டார்கள்.

ஒற்று எழுதியது:

வள்ளுவர் 'கருமமே கட்டளைக் கல்' என்கிறார். கட்டளைக்கல் என்றால் உரைகல். செலவை உரசிப் பார்க்கும் கல், செய்து முடித்த கருமம். கருமமதிப்பு என்று வைத்தால் அழகாக இருக்கிறது.

ரசமட்டம் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் எழுந்து "இந்த வாரக் கருமத்தைப் பார்ப்போம்" என்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒற்று எழுதியது:

பார்த்தேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நல்ல சொல்லை வசையாக்கிவிட்டோம்.

கடைசித்தேதி எழுதியது:

மேஸ்திரியிடமே மறுபடி போனேன். பேரேடு அக்காவின் கணக்கை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் சட்டென்று சொன்னார்: "அதாவது, போட்ட காசுக்கு எவ்வளவு வேலை தேறியது என்று பார்க்கிறது." தேறிய மதிப்பு! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பரீட்சையில் தேறுவது, உடம்பு தேறுவது, "உடைத்த கல்லில் எவ்வளவு தேறும்" என்று கேட்பது எல்லாம் ஒரே சொல்தானே? அளந்து பார்த்து ஏற்றுக்கொண்ட வேலை மட்டும்தான் கணக்கில் வரும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இடித்துக் கட்ட வேண்டிய சுவர் தேறாது.

வேர்ச்சொல் எழுதியது:

முழு மனதோடு ஆதரிக்கிறேன். மேஸ்திரிக்கு என் வணக்கம்.

பேரேடு எழுதியது:

எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு கல்லைப் போட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் கணக்கியலில் 'தேறிய இலாபம்' என்றால் நிகர லாபம். தேறிய என்றாலே கழிக்க வேண்டியதைக் கழித்தது. 'தேறிய மதிப்பு' என்று கையேட்டில் பார்க்கிற இலங்கைக் கணக்காளர் அதைக் கழிவு போக மிஞ்சிய மதிப்பு என்றுதான் வாசிப்பார். ஈட்டிய மதிப்பில் இருந்த அதே வம்பு, வேறு வாசல் வழியாக.

வேர்ச்சொல் எழுதியது:

பாடநூல் தன் பொருளை மாற்றிக்கொள்ளட்டும்.

ரசமட்டம் எழுதியது:

பாடநூல் மாறும் வரைக்கும் என் சுவர் காத்திருக்காது. வியாழன் இரவு பதினொரு மணி ஆகிறது. நான் கை தூக்குகிறேன்: கண்காணிப்பும் கட்டுப்பாடும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஏற்கெனவே ஊரில் புழங்குகிறவை. 'கவனிப்பு' போடலாமே என்று தனிமடலில் இரண்டு பேர் கேட்டார்கள். "அதிகாரியைக் கவனித்தாயா" என்ற கேள்வி பணியிடத்தில் எதைக் குறிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதது அவர்களுடைய பாக்கியம். பாடத்தின் முதல் பத்தியில் தளக் கனத்தின் உதாரணத்தை வைத்துவிடுங்கள், சொல் செய்யாத வேலையை அது செய்யும். மூன்றாவதற்கு 'செய்த வேலையின் மதிப்பு'.

பேரேடு எழுதியது:

ஆதரவு.

ஒற்று எழுதியது:

அரை மனதோடு ஆதரவு.

புள்ளி எழுதியது:

கட்டடம் என்று எழுதுவதாக இருந்தால் ஆதரவு.

வேர்ச்சொல் எழுதியது:

எதிர்ப்பு. 'செய்த வேலையின் மதிப்பு' கலைச்சொல் இல்லை, அது ஒரு வாக்கியத்தின் துண்டு. தேறிய மதிப்பை விட்டுக்கொடுத்ததை இந்தக் குழு பின்னால் நினைத்து வருந்தும். என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்யவும். எதிரேட்டையும் சேர்த்து.

கடைசித்தேதி எழுதியது:

கோப்பை அனுப்பிவிட்டேன். நால்வருக்கு ஒருவர். தலைப்பில் 'செய்த வேலையின் மதிப்பு' போட்டிருக்கிறேன். விளக்கப் பத்தியில் மட்டும் "போட்ட செலவுக்கு எவ்வளவு வேலை தேறியது என்று காட்டும் தொகை" என்று ஒரு வரி சேர்த்தேன். வேர்ச்சொல் ஐயா மன்னிப்பார் என்று நினைக்கிறேன், பேரேடு அக்காவும்.

ஒற்று எழுதியது:

அச்சுப்படி பார்த்தேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 'செலவு கட்டுப்பாடு' என்று இருக்கிறது. செலவைக் கட்டுப்படுத்துவது, ஆக வேற்றுமைத் தொகை. க் எங்கே?