கர்ணன் போர் கூத்து ஆடியவர்கள் யாரும் இருக்கிறீர்களா?

வணக்கம், பாண்டிருப்பிலிருந்து எழுதுகிறேன். வாசிகசாலையில் செஞ்சோற்றுக் கடன் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கம்பரின் கும்பகர்ணனையும் வில்லிபாரதக் கர்ணனையும் எடுத்திருக்கிறேன். சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு முகத்துக்கு நேரே சொன்னவன் கும்பகர்ணன். வீடணன் வந்து அழைத்தும் இராமன் பக்கம் போகவில்லை. கர்ணனோ குந்திதான் தாய் என்று அறிந்த பிறகும் துரியோதனனை விடவில்லை. எனக்குக் கும்பகர்ணன் ஒரு படி மேல். (திரௌபதை அம்மன் ஊரில் கர்ணனைத் தூக்கிப் பேசுவதும் வில்லங்கம்தானே!)

சரி, கேள்விக்கு வருகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வடமோடிக் கூத்தாகக் கர்ணன் போர் ஆடியவர்கள், பழக்கிய அண்ணாவிமார் இருந்தால் சொல்லுங்கோ: குந்தி வரும் கட்டத்தில் கர்ணனுக்கு என்ன பாட்டு? கொப்பி இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். வில்லிபாரத உரை கல்முனைப் பக்கம் யாரிடமாவது இரவல் கிடைக்குமா?