காலையில் ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய்: இனிப்புநீருக்கு மருந்தா, வீண் செலவா?

தென்னமரம் பேரன்:
பெஸ்தாரி ஜெயா மக்களுக்கு வணக்கம். (பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் என் அம்மாவுக்கு இன்றும் புரியும்.) எனக்கு ஏழு ஆண்டாக இனிப்புநீர் (நீரிழிவு). மூன்று மாதமாக வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் குடிக்கிறேன். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.9-இலிருந்து 7.8-க்கு இறங்கிவிட்டது. மலச்சிக்கலும் ஓடிவிட்டது. இனி மாத்திரை எதற்கு என்றே தோன்றுகிறது.

இரவுப்பணித் தாதி:
7.8-க்கு வாழ்த்துகள் அண்ணா. ஆனால் அதே மூன்று மாதமாகத் தே தாரிக் என்ற இனிப்புப் பால் தேநீரை விட்டு, மாலையில் திடலைச் சுற்றி நடப்பதாக முன்பு நீங்களே இங்கு எழுதினீர்கள். நடந்த கால்களுக்குப் பெயர் இல்லை, பெயரெல்லாம் எண்ணெய்க்கா? ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி இருக்கிறது. சோற்றைக் குறைக்காமல் அதையும் குடித்தால் எடைதான் ஏறும். மாத்திரையைக் குறைத்துவிடவில்லையே?

தென்னமரம் பேரன்:
ஸ்பெயினில் 7,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வைப் படியுங்கள். ஆலிவ் எண்ணெய் தாராளமாகச் சேர்த்த குழுவில் நீரிழிவு வந்தவர்கள் சுமார் 40 விழுக்காடு குறைவு என்று 2014-இல் வெளியிட்டார்கள்.

இரவுப்பணித் தாதி:
படித்திருக்கிறேன். அதன் முதன்மைக் கட்டுரை 2013-இல் வந்தது. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் குளறுபடி என்று 2018-இல் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். இதயநோய் ஆபத்து குறைகிறது என்ற முடிவு ஏறக்குறைய அப்படியே நின்றது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 40, நீரிழிவு இல்லாதவர்களுக்கு அது வந்ததா என்ற கணக்கு. உங்களுக்கு வந்து ஏழு ஆண்டு ஆகிறது. அவர்கள் அதைக் காய்கறி, பருப்பு, மீனோடு உணவாகச் சேர்த்தார்கள். கஷாயம்போல் விழுங்கவில்லை.

பழைய மண்டோர்:
1917-இல் நம் மலேசியாவில் வணிகத்துக்கென்று முதலில் செம்பனை நட்டது நம் தென்னமரம் தோட்டத்தில். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஸ்பெயின் எண்ணெய்க்கு விளம்பரமா, தம்பி? 2.50 வெள்ளிச் செம்பனை எண்ணெய்ப் பாக்கெட்டில் நான் மூன்று பிள்ளைகளை வளர்த்தேன்.

இரவுப்பணித் தாதி:
ஐயா, இதில் நான் பேரன் பக்கம். செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஆலிவில் ஏழில் ஒரு பங்குதான்.

கிராணி மகள்:
நான் மலிவாக ஒரு பாட்டில் வாங்கினேன். ‘போமேஸ்’ என்று எழுதியிருக்கிறது. இதுவும் குடலுக்கு நல்லதா?

இரவுப்பணித் தாதி:
அது பிழிந்த சக்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது, தங்கச்சி. தொண்டையில் லேசாகக் காறுகிறதே, அந்தக் காறலைத் தரும் பாலிஃபீனால்கள் சுத்திகரிப்பில் பெரும்பாலும் போய்விடும். குடலுக்கு நல்லது என்று பேசுவதே அவற்றை வைத்துத்தான். சிறுகுடல் உறிஞ்சியது போக மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உடைக்கின்றன. ஆனால் அந்த நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு நார்ச்சத்து. எண்ணெயில் அது துளியும் கிடையாது. கீரையும் பயற்றங்காயும் இல்லாமல் எண்ணெய் மட்டும் இறங்கினால் விருந்தாளியை அழைத்து வெறும் இலையைப் போட்ட கதைதான்.

தென்னமரம் பேரன்:
மலச்சிக்கல் போனது பொய்யா? உணவோடு சேர்ந்தால் இந்த எண்ணெய் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கிறது என்று நேப்பிள்ஸில் கண்டார்களே!

இரவுப்பணித் தாதி:
மலம் இளகியதை நம்புகிறேன். டயாலிசிஸ் நோயாளிகளிடம்கூட அதைப் பார்த்திருக்கிறார்கள். நேப்பிள்ஸ் பரிசோதனை முதல் வகை நீரிழிவுக்காரர்கள் சிலரிடம் நடந்தது. வெண்ணெய் சேர்த்த உணவோடு ஒப்பிட்டார்கள். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், அதனால் உணவோடு சேர்ந்தால் பயன் இருக்கலாம். நீங்களோ விடியற்காலையில் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு ரொட்டி சானாய் சாப்பிடுகிறீர்கள். நான் மாத்திரை பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பழைய மண்டோர்:
நானும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

தென்னமரம் பேரன்:
இரவு மெட்ஃபோர்மின் மாத்திரையை மட்டும் விட்டுவிட்டேன். போன வாரத்திலிருந்துதான்.

இரவுப்பணித் தாதி:
இரத்தம் எடுத்தது எப்போது?

தென்னமரம் பேரன்:
அதற்கு முந்தின வாரம்.

இரவுப்பணித் தாதி:
அப்படியானால் அந்த 7.8 மாத்திரையோடு வந்த எண், அண்ணா. எண்ணெய்ச் சண்டையை நாளை தொடரலாம். இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போட்டுவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள்.